‘ஆமா’ போட ஆள் இல்லாத நகைச்சுவை

தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “முழுநீள நகைச்சுவை என்று விளம்பரம் செய்த ஒரு படத்துக்கு அப்பாவைத் திருநெல்வேலி வரை கூட்டிப் போனேன். இரண்டரை மணி நேரத்தில் இரண்டு இடத்தில்தான் சிரிப்பு வந்தது. அப்பா இடைவேளைக்குப் பிறகு தூங்கிவிட்டார். நடித்தவர்கள் எல்லாம் முன்பு நம்மைச் சிரிக்க வைத்தவர்கள்தான். அப்படியானால் எங்கே தப்புகிறது? அப்பாவுக்கு வேறு எதைக் காட்டலாம்?”

எந்தப் படம் என்று அவர் சொல்லவில்லை. கடந்த சில வருஷங்களில் எனக்கே நாலைந்து படங்களில் இது நடந்திருக்கிறது. நான் சினிமாக்காரன் இல்லை, பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் நடத்தியவன். ஆனால் இந்தக் கேள்விக்கான பதிலை நான் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்திலும் இல்லை, தியேட்டரிலும் இல்லை. கோயில் கொடையில், எங்கள் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவில்.

என் தாய்மாமா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, முக்கூடல் என்று எந்த ஊரில் கொடை என்றாலும், லீவு நாளாக இருந்தால் என்னையும் கூட்டிப் போவார். நடுவில் புலவர், வில்லைத் தட்டும் வீசுகோலோடு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் குடம், உடுக்கு, பின்பாட்டுக்காரர்கள். அவர்களில் ஒருவருக்கு ‘ஆமா’ போடுவதுதான் பெரிய வேலை. சுடலைமாடன் கதை நடுச்சாமத்தில் உச்சத்துக்குப் போகும்போது, கண்ணைச் சொருகும் கூட்டத்தை எழுப்ப புலவர் ஒரு வேடிக்கையை எடுத்துவிடுவார். ஆமா போடுகிறவர் சிரிக்கவே மாட்டார். அந்த ஒரே சொல்லை ஒரு தடவை நம்பிச் சொல்வார், ஒரு தடவை சந்தேகப்பட்டு இழுப்பார், ஒரு தடவை பயந்துபோய் முனகுவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஒரு கொடைக்கு அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பதிலுக்கு ஓர் இளைஞனை உட்கார வைத்தார்கள். நல்ல குரல். ஆனால் புலவர் வேடிக்கையை ஆரம்பிக்கும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புலவர் முடிக்கும்போது மேடையில் அவன் ஒருவன்தான் சிரித்துக்கொண்டிருந்தான், கீழே ஒரு சத்தமும் இல்லை. விடியற்காலையில் ஊர் திரும்பும்போது மாமா சொன்னார்: “சனங்களுக்கு வைக்க வேண்டியத இவன் தின்னுட்டாம்ல.”

திரையில் தோற்றுப்போகும் நகைச்சுவைக் காட்சி எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த வார்த்தைதான் ஞாபகம் வருகிறது. காட்சிக்குள் இருக்கிறவர்களுக்கு நடப்பது உண்மையாக இருக்க வேண்டும். அங்கே இருக்கிற ஒருவருக்கும் தான் நகைச்சுவைப் படத்தில் நடிக்கிறோம் என்று தெரியக் கூடாது.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி தெரியாத தமிழர் குறைவு. சினிமா எடுக்கப் போகிறேன் என்று திரியும் பிள்ளை தன் கதையைச் சொல்லிக் காட்டுகிறான். அதில் அவன் பேசுவதை ஒரு தாளில் எழுதிப் படித்துப் பாருங்கள். ஜோக் என்று சுட்டிக்காட்ட ஒரு வரி தேறுவதே கஷ்டம். காலடிச் சத்தம், கதவுச் சத்தம், பாதியில் நிற்கும் வாக்கியங்கள், அவ்வளவுதான். பேசுகிறவர் நாகேஷ், நம் கண் நிற்பதோ பாலையாவின் முகத்தில். பிள்ளையின் கிறுக்குத்தனத்தைச் சகித்துக்கொள்ளும் பணக்கார அப்பாவாக உட்கார்ந்தவர், கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் இழுபட்டு, கடைசியில் நிஜமாகவே நடுங்குகிறார். ஆமா போடுவது என்றால் அதுதான்.

பாலையா நம்ம சீமைக்காரர். சுண்டங்கோட்டையில் பிறந்தவர். 1936-ல் வந்த ‘சதி லீலாவதி’தான் அவருக்கு முதல் படம். அதில் பாலையாவுக்கு வில்லன் வேடம். அதற்குப் பிறகும் நெடுங்காலம் வில்லனாகவே நடித்தார். அந்தப் பழக்கம்தான் பின்னால் அவருக்குக் கைகொடுத்தது என்று நான் நம்புகிறேன். பயமோ பேராசையோ கோபமோ, எதையும் முழுசாக நம்பிச் செய்கிறவர்தானே வில்லன். அதே முழுமையோடு சிரிப்புக் காட்சிக்குள் வந்தார். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் தவில்காரராக வரும்போதும் அவர் ஓர் இடத்திலாவது நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுவதில்லை.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்கிறது. முதலில் வைத்திருப்பது நகை, அதாவது சிரிப்பு. அழுகைகூட அதற்கு அடுத்துத்தான். அந்த நகை நான்கு இடங்களில் பிறக்கும் என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்றால் கேலி. இளமை, குழந்தைத்தனம். பேதைமை, அறியாமை. நான்காவதான மடனுக்கு உரைகாரர்கள் தரும் விளக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது: கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை. ஒருவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, பிடித்ததை என்ன ஆனாலும் விடாமல் இருப்பது.

வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் நான் ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்து வாழைப்பழக் காட்சியைத்தான் உதாரணம் காட்டுவேன். ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம் வாங்கிவரப் போன செந்தில் ஒரு பழத்தோடு வந்து நிற்கிறார். இன்னொன்று எங்கே என்று கவுண்டமணி கேட்கிறார். கையில் இருக்கும் பழத்தைக் காட்டி, அந்த இன்னொன்று இதுதான் என்கிறார். எத்தனை தடவை கேட்டாலும், எத்தனை விதமாகக் கேட்டாலும், அடித்தே கேட்டாலும் அதே பதில். பிடித்தது விடாமை. செந்தில் அங்கே ஏமாற்றுக்காரனாக முகத்தை வைத்திருந்தால் காட்சி செத்திருக்கும். தன் கணக்கு சரி என்று அவர் மனசார நம்புவதுபோல நிற்பதால்தான் கவுண்டமணிக்குப் பைத்தியம் பிடிக்கிறது, நமக்கு மூச்சு முட்டுகிறது. இந்தப் பகுதியை எழுதியவர் ஏ. வீரப்பன். அவரும் ஒரு நடிகர்.

‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்துப் பெட்ரோமாக்ஸ் காட்சியும் அவர் எழுத்துதான். அங்கே வேலை செய்வது இளமை. இந்தச் சின்னத் துணி எப்படி இவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று ஒரு குழந்தை கேட்பதுபோலக் கேட்டு, குழந்தை தொடுவதுபோலத் தொட்டு, மேண்டிலை உடைத்துவிடுகிறார் செந்தில். அந்தக் கேள்வி நமக்கும் உள்ளுக்குள் இருந்த கேள்விதான். அதே இரண்டு நடிகர்கள், அதே எழுத்தாளர், ஆனால் சிரிப்பு பிறக்கும் இடம் வேறு. ஒரே ஜோடி அத்தனை படங்களில் வந்தும் நமக்குச் சலிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேதைமைக்கு மறுபடி பாலையாவிடமே போகலாம். ‘காதலிக்க நேரமில்லை’யில் பணக்கார சம்பந்தம் என்றதும், கிழவர் வேஷம் போட்டு வந்த முத்துராமனை அவர் அப்படியே நம்புகிறார். ஆசை கண்ணை மறைத்த அறியாமை அது.

எள்ளலுக்கு வருவோம். தப்பு நடப்பது இங்கேதான். கடந்த பத்துப் பதினைந்து வருஷத்து நகைச்சுவைப் படங்களில் பெரும்பாலானவை மற்ற மூன்றையும் கைவிட்டுவிட்டு எள்ளலை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுகின்றன. ஒருவர் ஒரு வரி பேசுவார், பக்கத்தில் இருப்பவர் அதற்கு ஒரு ‘கவுன்ட்டர்’ கொடுப்பார். அப்புறம் அடுத்த வரி, அடுத்த கவுன்ட்டர். அந்த எள்ளலும் யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். கறுப்பாக இருப்பவர், பருமனாக இருப்பவர், திருநங்கை, வயதான பெண், வீட்டு வேலைக்கு வரும் அம்மா. எதிர்த்துப் பேச முடியாத ஆளைத் தேடிப் பிடித்து அடிப்பதைச் சிரிப்பு என்று விற்பது எனக்குக் கோபம் வரும் விஷயம். பிள்ளைகள் மறுநாள் வகுப்பில் அதையே சொல்லி ஒரு பையனை அழவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எள்ளலே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ‘ரத்தக்கண்ணீர்’ (1954) முழுக்க எம்.ஆர். ராதாவின் எள்ளல்தான். அது பெரிய மனுஷத்தனத்தையும் மூடநம்பிக்கையையும் நோக்கிப் போகிறது. நோயில் விழுந்த பிறகு தன் மேலேயே திரும்புகிறது. எள்ளல் என்பது பிறரை எள்ளுவது மட்டுமில்லை, பிறர் எள்ளும்போது தானும் சேர்ந்து நகுவதும் உண்டு என்று உரைகாரர்கள் சொன்னது இதற்குப் பொருந்துகிறது. பக்கத்து நாஞ்சில் நாட்டுக்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் ‘நல்லதம்பி’ (1949) படத்தில் கிந்தனார் கதையைச் சொன்னாரே, அதுவும் எள்ளல்தான். நந்தனார் கதையின் அச்சிலேயே, ஒடுக்கப்பட்ட பையன் ஒருவன் ரயில் ஏறிப் போய்ப் படித்து முன்னுக்கு வருவதைப் பாடினார். சாதியைச் சாடினார், ஒரு மனுஷனையும் சிறுமைப்படுத்தவில்லை.

நான்கு இடத்தில் எங்கே பிறந்தாலும், அந்த ஆளுக்கு ஒரு தேவை இருக்க வேண்டும். ‘திருவிளையாடல்’ (1965) படத்துத் தருமிக்கு ஆயிரம் பொற்காசு வேண்டும், வறுமை. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள், நாகேஷ் கோயிலில் நின்று புலம்புவது வெறும் கத்தலாகிவிடும். ‘வின்னர்’ (2003) படத்துக் கைப்புள்ளைக்கு ஊரில் தன்னை வீரன் என்று மதிக்க வேண்டும். அடி வாங்கிய பிறகும் வடிவேலு அந்த மரியாதையைக் காப்பாற்றத் துடிக்கிறாரே, அதற்குத்தான் சிரிக்கிறோம். அடிக்குச் சிரிப்பதில்லை. இன்றைய படங்களில் நாயகனின் நண்பன் என்று வருகிறவருக்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கவுன்ட்டர் கொடுப்பதற்காகவே நிற்கிறார்.

இப்படி ஆனதற்கு என் கணிப்பில் ஒரு பெரிய காரணம், நகைச்சுவையைத் துண்டாக வெட்டிப் பார்க்கும் பழக்கம். கதையோடு ஒட்டாத தனி நகைச்சுவை டிராக் முன்பும் இருந்தது, ஆனால் அந்த டிராக்குக்குள் ஒரு முழுக் கதை இருந்தது. ஆதித்யா, சிரிப்பொலி போன்ற சேனல்கள் வந்த பிறகு காட்சி மூன்று நிமிஷம் ஆனது; போனில் மீம் ஆன பிறகு முப்பது நொடி. அவற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது எழுத வந்திருக்கிறார்கள். எங்கே வெட்டினாலும் சிரிப்பு வரும்படி எழுத நினைக்கிறார்கள். ஆனால் இரண்டரை மணி நேரப் படத்தில் சிரிப்பு சேமித்து வைத்துத்தான் வரும். ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) கடைசியில் மலை விளிம்பில் வீடு ஆடும்போது நாம் சிரிப்பது, கமல் நடித்த அந்த நாலு பேரும் யார், யார் யாரை யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அதுவரை படம் பொறுமையாக நமக்குச் சொல்லிவிட்டதால். விளிம்பில் ஆடும் வீடு சாப்ளினின் ‘தி கோல்ட் ரஷ்’ (1925) படத்திலேயே உண்டு. அங்கேயும் அப்படித்தான்: பசி, குளிர், தங்க ஆசை எல்லாவற்றையும் காட்டிய பிறகே குடிசை சாய ஆரம்பிக்கிறது.

போதாததற்குப் பழைய படத்து வசனத்தைப் புதுப் படத்தில் திரும்பச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கப் பார்க்கிறார்கள். ஜோக் முடிந்ததும் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வேறு. மேடையில் முன்கூட்டியே சிரித்த அந்த இளைஞனின் வேலையை இப்போது மெஷின் செய்கிறது.

நம்ம ஊர்ப் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் மனசில் ரொம்ப நாளாக இருப்பது. திருநெல்வேலியில் கதை நடக்கிறது என்றால் அல்வா, அரிவாள், எல்லா வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு ‘லே’ என்று முடித்துவிடுகிறார்கள். ‘லே’ எல்லாரிடமும் பேசுகிற பேச்சு இல்லை. இளையவனிடம், கூடப் படித்தவனிடம், இல்லையென்றால் சண்டையில். சம வயசு ஆட்களுக்குள் ஒரு நடு மரியாதை உண்டு: “நீரு எங்க வே போறீரு?” அதற்கு மேலே அண்ணாச்சி: “எப்ப வந்திய அண்ணாச்சி?” இந்த மூன்று படியும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேச வரும்போதே வந்துவிடும். பெரியவரைப் பார்த்து ‘அண்ணாச்சி, வாலே’ என்று ஒரு நடிகர் பேசுவதைத் தியேட்டரில் கேட்டபோது எனக்கு வலித்தது.

ஆனால் வேடிக்கையே அந்தப் படிகளில்தான் இருக்கிறது, அதைத்தான் இவர்கள் தவறவிடுகிறார்கள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு வந்தவரை ஒரு தடவை பார்த்தேன். “அண்ணாச்சி, அந்த முந்நூறு ரூவாய எப்பத் தாரிய?” என்று ஆரம்பித்தார். பதில் மழுப்பலாக வந்தது. “போன மாசமே தாரேன்னு நீருதான வே சொன்னீரு?” மற்றவர் டீயை வைத்துவிட்டு மெல்ல நகர்ந்தார். “ஏலே, எங்க போற? நில்லுலே!” மூன்றே வரி. ஒரு ஜோக்கும் இல்லை. இரண்டு பேருக்கும் சிரிப்பும் இல்லை, ஒருவருக்குப் பணம் வேண்டும், இன்னொருவருக்குத் தப்பிக்க வேண்டும். பெஞ்சில் இருந்த நாங்கள் எல்லாரும் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம். இதைக் கேட்டு எழுதுகிற காது ஒருவருக்கு இருந்தால் அல்வா ஜோக் எதற்கு?

சிரிக்காத முகத்தோடு வேடிக்கை சொல்வது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை, கடவுளையே நேரில் பார்த்தும் அலட்டிக்கொள்ளாமல் காப்பிக் கடைக்குக் கூட்டிப் போகிறார். தோல்பாவைக் கூத்தில் ராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நுழைந்து ஊர்க் கதை பேசுவார்கள். இரண்டு பேருக்கும் தங்கள் பேச்சுத்தான் பெரிசு, ராமாயணம் காத்திருக்கும்.

சரி, திறமையான நடிகர்களும் ஏன் தோற்கிறார்கள் என்பதற்கு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கூத்துக்காரருக்கும் நாடகக்காரருக்கும் முன்னால் கூட்டம் இருக்கிறது. எந்த வரி விழுந்தது, எது விழவில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிடும், மறுநாள் மாற்றிவிடுவார்கள். சினிமாவில் படப்பிடிப்புத் தளத்தில் சிரிப்பவர்கள் சம்பளம் வாங்குகிறவர்கள். அமெரிக்காவில் மார்க்ஸ் சகோதரர்கள் ‘எ நைட் அட் தி ஆப்பரா’ (1935) படத்தைப் பிடிப்பதற்கு முன்னால் அதன் நகைச்சுவைக் காட்சிகளை ஊர் ஊராக மேடையில் நடித்துப் பார்த்தார்கள். எந்த வரிக்குச் சிரிப்பு வருகிறது, அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று கவனித்து, படத்தில் அதற்கு ஏற்ப இடம் விட்டார்கள். நம்மிடமும் ‘சர்வர் சுந்தரம்’ (1964), ‘காசேதான் கடவுளடா’ (1972) எல்லாம் மேடை நாடகமாக இருந்து வந்தவை. சென்னை சபாக்களில் அடிபட்டுத் தேறிய பிறகே திரைக்கு வந்தன. இப்போது அந்தப் படி இல்லை. முதல் நாள் முதல் காட்சியில்தான் முதல் தடவையாக நிஜமான ஜனம் பார்க்கிறது. அப்போது திருத்த நேரமில்லை. டிரெய்லரிலோ நல்ல நாலு இடத்தையும் முன்னாலேயே காட்டி முடித்திருப்பார்கள். நீங்கள் சிரித்த அந்த இரண்டு இடம் டிரெய்லரில் வராதவையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்கு என்ன காட்டலாம் என்று கேட்டீர்கள். முதலில் ‘காதலிக்க நேரமில்லை’. அவர் முன்பே பார்த்திருந்தாலும் பரவாயில்லை. போனில் தனியாகப் பார்க்கக் கொடுக்காதீர்கள். ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். கொடையில் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரிந்ததுதான். ராத்திரிச் சாப்பாடு முடிந்து வீட்டில் எல்லாரும் இருக்கும்போது போடுங்கள், பக்கத்து வீட்டில் அவர் வயசுக்காரர் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். ‘இப்போ ஒரு நல்ல இடம் வருது பாருங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த வாரம் ‘மைக்கேல் மதன காமராஜன்’ போடலாம். அதில் கிரேஸி மோகன் எழுதிய பேச்சு ரொம்ப வேகம். ஒரு சொல் காதில் விழாவிட்டால் அடுத்த மூன்று வரிச் சிரிப்பும் போய்விடும். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றால் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, ஃபேன் சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.